1989 மாடல் கேம் பாய்: எது கெடுகிறது, எது கெடுவதே இல்லை

"ஓடாது, உதிரிக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்" என்று சொல்லித்தான் இந்தக் கேம் பாயைக் கொடுத்தார்கள். நிண்டெண்டோ நிறுவனத்தின் கையடக்க வீடியோ கேம் கருவி, சாம்பல் நிறப் பெட்டி. பின்பக்க லேபிளில் டிஎம்ஜி-01 என்று மாடல் எண். பேட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. நல்ல செல்லாகப் பார்த்துப் போட்டு ஸ்விட்சைத் தள்ளினால் சிவப்பு விளக்கு ஒரு கணம் எரிந்து, மங்கி, அணைந்தது. அந்த ஒரு கணத்தில் திரையில் தெரிந்ததிலும் நாலைந்து இடங்களில் மேலிருந்து கீழ்வரை கோடு கோடாக வெறுமை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவது கஷ்டம்தான். ஆனால் இந்த மாடலைப் பிரித்துப் பழகிய யாரும் அப்படித்தான் யோசிப்பார்கள். இதில் ஐசி, அதாவது சிப், சாவது அபூர்வம். உள்ளே இருப்பதெல்லாம் நிதானமான வேகத்தில், சூடு ஏறாமல் ஓடும் சரக்கு. கெடுபவை எல்லாம் ஒன்று இன்னொன்றைத் தொடும் இடங்கள்: செல்லும் ஸ்பிரிங்கும், ஸ்விட்சும் அதன் தகடும், ஆட்டம் உள்ள கார்ட்ரிட்ஜும் அதன் செருகுவாயும், திரைக் கண்ணாடியும் ரிப்பனும். விளக்கு ஒரு கணமாவது எரிந்தது, திரையில் ஏதோ தெரிந்தது என்றால் உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம். மிச்சம் பெரும்பாலும் துடைக்கும் வேலை, கொஞ்சம் சூடு காட்டும் வேலை.

ஐசி ஏன் சாவதில்லை என்பதற்குக் காரணம் வடிவமைப்பிலேயே இருக்கிறது. 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் 12,500 யென் விலைக்கு வந்தது இது. நிண்டெண்டோவில் குன்பெய் யோகோய் நடத்திய பிரிவில் உருவானது; சடோரு ஒகாடாவுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. யோகோயின் கொள்கை ஊரறிந்தது: புத்தம் புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே, நன்றாகப் பழகி, விலை இறங்கி, குணம் தெரிந்துபோன பாகத்தை எடுத்து அதைப் புதிதாகப் பயன்படுத்து. அதனால்தான் இதன் பிராசசர் ஷார்ப் தயாரித்த 8 பிட் சரக்கு, வேகம் 4.19 மெகாஹெர்ட்ஸ். வேலைக்கான நினைவகம் 8 கிலோபைட், படத்துக்கு இன்னொரு 8 கிலோபைட். 1989-லேயே இது பெருமை பேசும் கணக்கு இல்லை. ஆனால் இப்படி நிதானமாக ஓடும் பாகத்துக்கு ஆயுசு கெட்டி. வளைகுடாப் போரின்போது குண்டுவீச்சில் உறை கருகி உருகிய ஒரு கேம் பாய், டெட்ரிஸ் ஆட்டம் ஓடியபடி, நியூயார்க்கில் உள்ள நிண்டெண்டோ கடையில் பல வருடங்கள் காட்சிக்கு இருந்தது. பிளாஸ்டிக் போனாலும் போர்டு போகவில்லை.

பிரிப்பது

பின் உறையைப் பிடித்திருப்பவை தலையில் மூன்று இறக்கை வெட்டு உள்ள ஸ்க்ரூக்கள், அதாவது ட்ரை-விங். வெளியே நான்கு, பேட்டரிப் பெட்டிக்குள் இரண்டு. சாதாரண ஸ்டார் டிரைவரை வைத்து அழுத்தித் திருகினாலும் சில சமயம் வரும். ஆனால் அப்படித் திருகித் தலை மழுங்கிய ஸ்க்ரூவை அடுத்து யாராலும் கழற்ற முடியாது. சரியான டிரைவர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பேட்டரிப் பெட்டிக்குள் இருக்கும் இரண்டும் துருப்பிடித்திருந்தன. ஒரு சொட்டு வினிகர் விட்டு, ஊறவைத்து, டிரைவரை நன்றாக ஊன்றி மெதுவாகக் கொடுத்ததும் வந்துவிட்டன.

ஸ்க்ரூவெல்லாம் கழன்றதும் இரண்டு பாதியையும் வெடுக்கென்று பிரிக்கக் கூடாது. முன்பாதியில் திரை, பட்டன், ஸ்பீக்கர் உள்ள போர்டு. பின்பாதியில் பிராசசர், கார்ட்ரிட்ஜ் செருகுவாய், ஸ்விட்ச், சப்த உருளை உள்ள போர்டு. இரண்டையும் இணைப்பது ஒரு பட்டை ரிப்பன் கேபிள் மட்டுமே. அதைச் செருகியிருக்கும் இடத்தில் நேராகப் பிடித்து, கோணாமல் இழுத்தால் கழன்றுவிடும். இப்படி இரண்டாகப் பிரிவது இந்த மாடலின் பெரிய நிம்மதி. திரையில் கோளாறா, மின்சாரத்தில் கோளாறா என்பதைப் பொறுத்து எந்தப் பாதியில் கை வைக்கவேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒட்டுப்பசை போட்டு மூடிய இன்றைய சாதனங்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பேட்டரிப் பூப்பு

ஆல்கலைன் செல்லிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகக் காய்கிறது. செம்பு கலந்த தகட்டில் பட்ட இடம் பச்சையும் நீலமுமாக மாறுகிறது. கசிந்தது காரம், ஆகவே அதை முறிக்க ஒரு மெல்லிய அமிலம் போதும். காட்டன் பட்ஸில் வெள்ளை வினிகரைத் தொட்டு வைத்தால் பொடி நுரைத்துக் கரையும். நுரை நின்றதும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, அதன்பின் ஐசோபுரோபைல் ஆல்கஹால் காட்டி, நன்றாகக் காயவிட்டேன். வினிகரை அப்படியே விட்டுவிடக் கூடாது. அதுவும் பின்னால் உலோகத்தை அரிக்கும்.

பொடி போனபின் தகட்டைப் பார்த்தால் மேல்பூச்சு அங்கங்கே போய், கறுத்த புள்ளிகள். நைஸ் எமரித் தாளைச் சிறு துண்டாக மடித்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன். ஒரு ஸ்பிரிங் மட்டும் கை பட்டதும் பொடியாக உதிர்ந்தது. அதற்கு மாற்று கிடைக்கிறது; இந்த மாடலுக்கென்றே செய்த தகடுகளும் ஸ்பிரிங்கும் செட்டாக விற்கிறார்கள். போர்டோடு ஈயம் வைத்துப் பற்றவைத்த தகட்டை மாற்றுவதாக இருந்தால், பழைய ஈயத்தைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பது நல்லது. அரிப்பு ஏறிய ஈயத்தில் புது ஈயம் ஒட்டாது, உருண்டையாகத் திரண்டு உருளும்.

இங்கே முடிந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். கசிவு தகட்டோடு நிற்காது. பற்றவைத்த இடம் வழியே போர்டுக்குள்ளும் ஊர்ந்து போகும். தகட்டை ஒட்டிய போர்டு ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பச்சைப் பூச்சுக்கு அடியில், மின்சாரம் போகும் செம்புத் தடம் ஒன்று மட்டும் கறுத்திருந்தது. மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து இரு முனையிலும் தொட்டால் பீப் கேட்டது. தடம் அறுபடவில்லை; ஆல்கஹால் காட்டித் துடைத்துவிட்டு அதைத் தொடாமல் விட்டேன்.

விளக்கு ஏன் மங்கியது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். செல் தகடுகளைச் சுத்தம் செய்தபிறகும் விளக்கு மங்கித்தான் எரிந்தது. இந்தச் சிவப்பு விளக்குக்கென்று தனியாகப் பேட்டரி அளக்கும் சர்க்யூட் எதுவும் கிடையாது. வருகிற வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சமும் குறையும், அவ்வளவுதான். ஆகவே மங்கிய விளக்கைப் பார்த்ததும் செல் தீர்ந்தது என்று முடிவுகட்டி, நல்ல செல்லைத் தூக்கிப்போட்டவர்கள் எத்தனையோ பேர்.

மல்டிமீட்டரை வைத்தேன். செல் தகட்டில் 6.2 வோல்ட். ஸ்விட்சுக்கு அந்தப் பக்கம், ஓடும்போது, 4-ஐ ஒட்டித் தடுமாறியது. நடுவில் இருப்பது ஸ்விட்ச் மட்டும். திருடன் யார் என்பது தெரிந்துவிட்டது.

கணக்கு எளிது. கேம் பாய் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 0.7 வாட், 6 வோல்ட்டில் அது சுமார் 0.12 ஆம்பியர். ஸ்விட்சுக்குள் அழுக்குப் படிந்து 10 ஓம் தடை வந்தால் 1.2 வோல்ட் அங்கேயே போய்விடும். அதோடு நிற்பதுமில்லை. உள்ளே 6 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றித் தரும் சிறு போர்டு ஒன்று இருக்கிறது. வரும் வோல்டேஜ் குறையக் குறைய அது கூடுதல் ஆம்பியரை இழுத்து ஈடுகட்டப் பார்க்கும். ஆம்பியர் கூடினால் ஸ்விட்சில் இழப்பும் கூடும். ஒரு கட்டத்தில் மொத்தமாகச் சரிந்துவிடும். ஒரு கணம் எரிந்து அணைந்ததன் ரகசியம் இதுதான்.

வைத்தியம் என்ன என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஸ்விட்சின் இடுக்கில் கொஞ்சம் ஆல்கஹால் விட்டு, முன்னும் பின்னும் விடாமல் தள்ளிக்கொண்டே இருந்தேன். கறுப்பாக அழுக்கு வெளியே வந்தது. காயவிட்டு மறுபடி அளந்தால் ஸ்விட்சின் இருபுறமும் ஏறக்குறைய ஒரே வோல்ட். விளக்கு கண்ணைக் குத்தும் அளவுக்கு எரிந்தது. அழுக்கு மிக முற்றியிருந்தால் ஸ்விட்சைக் கழற்றி, தகரக் கூட்டைத் திறந்து, உள்ளே உள்ள தகட்டைத் துடைத்து மாட்டவேண்டி வரும். இதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கவில்லை.

அந்தச் சிறு போர்டையும் ஒரு தடவை அளந்து பார்ப்பது நல்லது. அது 5 வோல்ட்டோடு, திரைக்கென்று சுமார் மைனஸ் 19 வோல்ட்டும் தருகிறது. ஆட்டத்தின் சப்தம் கேட்டும் திரை வெளிறிப்போய் இருந்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது அந்த மைனஸ் வோல்ட்டை. என்னிடம் உள்ளதில் இரண்டும் சரியாக வந்தன.

திரை

இப்போது வருவது இந்தப் பெட்டியின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கும் விஷயம்.

திரையில் குறுக்கே 160 புள்ளி, நெடுக்கே 144 வரிசை. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் போர்டிலிருந்து கண்ணாடிக்கு ஒரு தனித் தடம் போகவேண்டும். கண்ணாடியில் ஈயம் வைக்க முடியாது. அதனால் மெல்லிய பழுப்பு நிற ரிப்பன் ஒன்றை, மின்சாரம் கடத்தும் பசை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டியிருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆனபின் அந்தப் பசை அங்கங்கே விடுகிறது. விட்ட தடத்துக்கு உரிய நெடுவரிசை செத்துப்போகிறது. இதனால்தான் கோடு எப்போதும் துல்லியமாக ஒரு புள்ளி அகலத்தில், மேலிருந்து கீழ்வரை முழுசாக வருகிறது. கண்ணாடியில் விரிசல் என்றால் இப்படி ஒழுங்காக வராது. கறுப்பாக மை பரவியதைப் போலத் தெரியும்.

முன்பாதியில் உள்ள ஸ்டார் ஸ்க்ரூக்களைக் கழற்றி, போர்டை உறையிலிருந்து எடுத்தேன். பின்பாதி போர்டு அதன் உறையிலேயே இருக்க, ரிப்பன் கேபிளை மறுபடி செருகி, செல் போட்டு, ஓடும் நிலையிலேயே வேலையை ஆரம்பித்தேன். ஓடிக்கொண்டிருந்தால்தான் எந்தக் கோடு வந்தது, எது வரவில்லை என்று கண்ணெதிரே தெரியும். கான்ட்ராஸ்ட் உருளையை முழுக்கத் திருப்பித் திரையை இருட்டாக்கிவிட்டால், செத்த வரிசைகள் மட்டும் வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று நிற்கும்.

கண்ணாடியின் கீழ் விளிம்பை ஒட்டி ரிப்பன் வளைந்து இறங்கும் பட்டைதான் இடம். சால்டரிங் அயர்னின் வெப்பத்தை இருப்பதிலேயே குறைவாக வைத்து, நுனியில் ஈயம் துளிகூட இல்லாமல் துடைத்து, அதன் பக்கவாட்டை அந்தப் பட்டையின் மேல் வைத்து, அழுத்தாமல், இடமிருந்து வலமாக மெதுவாக இழுக்கவேண்டும். நுனி ஒரே இடத்தில் நின்றால் ரிப்பன் சுருங்கிவிடும். கண்ணாடியின் மேல் ஒட்டியிருக்கும் போலரைசர் ஃபிலிமில் பட்டால் அங்கே நிரந்தரமாகத் தழும்பு. அதனால் கண்ணாடிப் பக்கம் முழுக்க வெப்பம் தாங்கும் மஞ்சள் டேப்பை ஒட்டி மறைத்துக்கொண்டேன்.

முதல் இழுப்பில் ஒன்றுமே நடக்கவில்லை. அயர்ன் மறுபடி அதே இடத்தைக் கடந்தபோது இடது ஓரக் கோடு துடித்தது: கறுப்பு, வெள்ளை, கறுப்பு. பிறகு கறுப்பாகவே நின்றது. அடுத்தடுத்து மற்றவையும். சூடாக இருக்கும்போது வந்த கோடு ஆறியபின் போய்விடுவதும் உண்டு. அதற்கு, அயர்ன் கடந்ததும் காட்டன் பட்ஸின் முனையால் ரிப்பனை லேசாக அமுக்கிப் பிடித்து ஆறவிடுவது உதவுகிறது. பசை இளகிய நிலையில் தடம் தடத்தோடு அமர்ந்து ஒட்டவேண்டும், அதற்கு அந்தச் சிறு அழுத்தம்.

கோடு நெடுக்காக இல்லாமல் குறுக்காகப் போயிருந்தால் அது பக்கவாட்டு ரிப்பனின் கோளாறு. அதில் கை வைப்பது இதைவிடச் சிக்கல். பலன் கிடைப்பதும் நிச்சயமில்லை. வாங்கும் முன் பார்க்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வயதின் கோளாறு. திரையின் உண்மையான பலவீனம் பிறவியிலேயே வந்தது. வெளிச்சம் இல்லை. நான்கே நிற அளவு, அதுவும் பச்சை கலந்த மஞ்சள் பின்னணியில். புள்ளி மாறுவதும் மந்தம். படம் வேகமாக நகர்ந்தால் பின்னால் நிழல் இழுபடும். வெயில் காலத்தில் ஒரு கான்ட்ராஸ்ட், குளிரில் வேறொன்று. திரவப் படிகத்தின் குணம் வெப்பத்துக்கு வெப்பம் மாறுவதால் அந்த உருளையை ஒரேயடியாக வைத்துவிட முடியாது.

சரி செய்த பெட்டியை அக்கா மகனிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். கான்ட்ராஸ்ட் உருளையை இரண்டு பக்கமும் உருட்டினான்.

"மாமா, இதுல லைட்டை எங்க கூட்டணும்?"

"லைட்டே கிடையாதுடா. ஜன்னல் பக்கமா போய் உட்காரு."

போனான். போய், வெகுநேரம் எழுந்து வரவும் இல்லை. வெளிச்சம் உள்ள இடத்தில் இந்தத் திரை எப்படி என்பதற்கு எனக்கு அதுவே போதும். மேலிருந்து வரும் வெளிச்சத்தைப் பின்னால் உள்ள ஃபிலிம் திருப்பி அனுப்புவதால், வெயில் எவ்வளவு கூடினாலும் படம் அவ்வளவு தெளிவு. கைபேசியை வெயிலில் பிடித்துக் கையால் மறைத்துப் பார்க்கும் அவஸ்தை இதில் இல்லை.

அந்த வெளிச்சமின்மைக்குக் கிடைத்த விலையையும் பார்க்கவேண்டும். அதே 1989-ல் வந்த அட்டாரி லிங்க்ஸும் 1990-ல் வந்த சேகா கேம் கியரும் வண்ணத் திரை, பின்னால் விளக்கு என்று வந்தவை. இரண்டுக்கும் ஆறு செல் வேண்டும். கேம் கியர் அந்த ஆறையும் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் தின்று தீர்க்கும். கேம் பாய் நான்கே செல்லில் சுமார் 15 மணி நேரம் ஓடியது. பின்னால் வந்த கலர் மாடலையும் சேர்த்து மொத்தம் 11.86 கோடிக்கு மேல் விற்றது. கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம் பாய்தான் ஏழையாகத் தெரிந்திருக்கும். ஆனால் செல் தீர்ந்த வண்ணத் திரையில் விளையாட எதுவும் இல்லையே.

விளக்கு உள்ள, ஐபிஎஸ் என்ற புதுவகை எல்சிடி திரையைப் போடு என்று நண்பர்கள் எல்லாரும் சொன்னார்கள். இதற்கென்று கிட் கிடைக்கிறது, வேலையும் பெரிதில்லை. தினமும் ராத்திரியில் விளையாடுகிறவருக்கு நானே சிபாரிசு செய்வேன். இந்தப் பெட்டியில் போடவில்லை. செல் சீக்கிரம் தீரும் என்பது ஒரு காரணம். இன்னொன்று கொஞ்சம் நுணுக்கமானது: பழைய ஆட்டங்கள் சில, ஓர் உருவத்தை ஒரு ஃபிரேமில், அதாவது திரை ஒருமுறை வரையும் படத்தில், காட்டி மறு ஃபிரேமில் மறைத்து, நொடிக்கு 60-ஐ ஒட்டிய வேகத்தில் மாற்றி மாற்றி ஓட்டும். மந்தமான பழைய திரையில் அது அரைகுறையாகக் கலந்து, கண்ணாடி வழியே பார்ப்பது போன்ற மெல்லிய தோற்றம் தரும். வேகமான புதிய திரையில் அதே இடம் படபடவென்று துடிக்கும். இதைச் சமாளிக்க அடுத்தடுத்த ஃபிரேம்களைக் கலந்து காட்டும் வசதியைச் சில கிட்டுகளில் தனியாக வைத்திருக்கிறார்கள். பழைய திரையின் மந்தத்தைப் புதிய திரையில் செயற்கையாக உண்டாக்கவேண்டியிருக்கிறது பாருங்கள்.

கார்ட்ரிட்ஜும் அந்தக் கறுப்புப் பட்டையும்

மின்சாரம் சரி, திரை சரி. ஆட்டத்தைச் செருகிப் போட்டால் நிண்டெண்டோ என்ற எழுத்துக்குப் பதிலாக ஒரு கறுப்புப் பட்டை மேலிருந்து இறங்கி, நடுவில் நின்றது. அவ்வளவுதான், அதற்குமேல் நகரவில்லை.

பழகாதவர் பயந்துபோவார். உண்மையில் இது நல்ல சேதி. கேம் பாய்க்குள் 256 பைட் அளவில் ஒரு சிறு நிரல் இருக்கிறது. அது கார்ட்ரிட்ஜிலிருந்து அந்த எழுத்துப் படத்தைப் படித்துத் திரையில் இறக்கும். பிறகு தன்னிடம் உள்ள பிரதியோடு ஒப்பிடும். ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். கார்ட்ரிட்ஜே இல்லாவிட்டாலோ, எதையும் படிக்க முடியாவிட்டாலோ எல்லாப் புள்ளியும் கறுப்பாகி முழுப் பட்டையாக இறங்கும். எழுத்து சிதைந்து வந்தால் சில முனைகள் மட்டும் தொடவில்லை என்று பொருள். ஆக, பட்டை இறங்குகிறது என்றால் பிராசசர், நினைவகம், திரை எல்லாம் வேலை செய்கின்றன. குறை தொடுமிடத்தில் மட்டும். ஒரு பைசா செலவில்லாத பரிசோதனைக் கருவி.

கார்ட்ரிட்ஜின் 32 முனைகளையும் ஆல்கஹால் தொட்ட காட்டன் பட்ஸால் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை மாற்றி மாற்றி. பிறகு அதே கார்ட்ரிட்ஜில் கொஞ்சம் ஆல்கஹால் ஈரம் இருக்கச் செய்து, கேம் பாய் அணைந்திருக்கும் நிலையில் செருகுவாயில் விட்டு விட்டு எடுத்தேன். உள்ளே இருக்கும் ஊசிகளும் சுத்தமாகும். வாயால் ஊதுவது சின்ன வயதில் எல்லாரும் செய்ததுதான். ஊதியதால் வேலை செய்வதில்லை. எடுத்து மறுபடி செருகியதால் தொடுமிடம் மாறி வேலை செய்கிறது. ஊதியதில் மிச்சமாவது எச்சில் ஈரமும் அதன் பின்னால் வரும் துருவும்.

எழுத்து முழுசாக இறங்கி, டிங் என்று மணி அடித்தது.

மணி அடித்ததே, ஆனால் கரகரவென்று. அது சப்த உருளையின் அழுக்கு. அதற்கும் ஆல்கஹால், அதற்கும் முன்னும் பின்னும் உருட்டல். ஸ்பீக்கர் சுத்தமாக ஊமையாகி, ஹெட்போனில் மட்டும் கேட்டால் ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். ஹெட்போன் துளைக்குள் ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கிறது. பின்னைச் செருகியதும் ஸ்பீக்கரைத் துண்டிப்பது அதன் வேலை. அது அழுக்காகித் துண்டித்த நிலையிலேயே நின்றுவிடும். பின்னைப் பலமுறை செருகி எடுத்தாலே பெரும்பாலும் சரியாகும்.

சப்தத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு இதை எடைபோட வேண்டாம். உள்ளே நான்கு தடம்: இரண்டு சதுர அலை, ஒன்று விருப்பம்போல் வரைந்துகொள்ளும் அலை, ஒன்று இரைச்சல். ஹெட்போனில் ஸ்டீரியோ. 1998-ல் நானோலூப் என்ற, இசை அமைக்கும் கார்ட்ரிட்ஜ் வந்தபிறகு இதையே வாத்தியமாக வைத்து மேடையேறியவர்கள் உண்டு. அவர்களில் பலர் பின்னால் வந்த மாடல்களை விட்டுவிட்டு இந்தச் சாம்பல் பெட்டியைத்தான் தேடுகிறார்கள்; இதன் அடித்தொனிக்காக.

பட்டன்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரப்பர் ஷீட்டின் அடியில் கரிப் பொட்டு, போர்டில் அதற்கு எதிரே தடம். இரண்டையும் துடைத்தால் போதும். கரிப் பொட்டைத் தேய்க்காமல் ஒற்றி எடுக்கவேண்டும். கரி போய்விட்டால் பட்டன் போய்விடும். கூட்டல் குறி வடிவத் திசைப் பட்டன் மட்டும் இன்றைக்கும் அலுக்கவில்லை. யோகோய் 1982-லேயே கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க ஆட்டக் கருவி வரிசையில் கொண்டுவந்த யோசனை அது. கட்டைவிரல் எதையும் தேடவேண்டியதில்லை.

மாட்டியபின்

மாட்டும்போது ஸ்க்ரூவை விரல் பலத்தில் நிற்கும் அளவுக்கு மட்டும் முறுக்கினேன். இறுக்கினால் பழைய பிளாஸ்டிக் வெடிக்கும். முன்பக்க ஜன்னலில் கீறல் அதிகம் என்பதால் அதை மட்டும் புதிதாக ஒட்டினேன். ஒட்டுவதற்கு முன் திரையின் மேல் ஒரு தூசியும் இல்லை என்று சாய்த்துப் பார்த்துக்கொள்வது அவசியம். ஒட்டியபின் தெரியும் ஒரே ஒரு தூசிக்காக மறுபடி முழுசாகப் பிரிக்க யாருக்கும் மனம் வராது. மஞ்சளித்த உறையை ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்கவைக்கும் வழி இருக்கிறது. எனக்கு அதில் ஆர்வம் இல்லை, மஞ்சளோடே இருக்கட்டும்.

செல்லுக்கு இப்போது ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், நான்குக்கும் சேர்த்து 4.8. விளக்கு கொஞ்சம் மங்கலாகத்தான் எரியும். உள்ளே இருக்கும் அந்த வோல்டேஜ் மாற்றும் போர்டு அதைச் சமாளித்துக்கொள்கிறது. ஸ்விட்ச் அழுக்காக இருந்தபோது இந்த 4.8 வோல்ட்டில் துவங்கவே துவங்காது. ஆல்கலைன் அளவுக்கு இவை கசிந்து நாசம் செய்வதும் இல்லை. இருந்தாலும் ஆடி முடித்து வைக்கும்போது செல்லைக் கழற்றிவிடுகிறேன்.

பாக்கி இருப்பவை இரண்டு. திரையின் வலது ஓரத்தில் ஒரு நெடுவரிசை குளிர்ந்த காலையில் மறைந்து, கொஞ்ச நேரம் ஓடியதும் வந்துவிடுகிறது. மறுபடி அயர்ன் காட்டினால் சரியாகலாம். பக்கத்தில் நன்றாக இருக்கும் தடங்கள் விட்டுப்போகவும் செய்யலாம். ஓரத்தில் இருப்பதால் ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை, அதனால் தொடவில்லை. இரண்டாவது, கூடவே வந்த கார்ட்ரிட்ஜ் ஒன்று சேமித்ததை மறந்துவிடுகிறது. அதற்குள் சிஆர்2025 பட்டன் செல் இருக்கிறது. 3 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 1 வோல்ட்கூட இல்லை. திறக்க 3.8 மி.மீ. தனி டிரைவர் வேண்டும். வாங்கும் செல், பற்றவைக்கத் தகட்டுக் காது ஒட்டிய வகையாக இருக்கவேண்டும், ஏனென்றால் வெறும் செல்லின் மேல் நேரடியாக ஈயம் வைத்தால் சூட்டில் அது வெடிக்கவும் கூடும். இரண்டையும் தேடிக்கொண்டிருக்கிறேன்.